நாற்பத்தைந்தில் மட்டும்

மெதுவாகப் போகிறவன் தாமதமாகப் போய்ச் சேருவான் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐயா, அது தவறு. சாதாரணத் தவறில்லை. அதை நம்பித்தான் மனிதர்கள் ரயிலைத் தவறவிடுகிறார்கள். அதோ, பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாரே, நீலச் சட்டை, நம்மைப் பார்க்காத மாதிரி பார்க்கிறாரே, அவர் ஒன்பது நாற்பது ரயிலைத் தவறவிட்டவர். நான் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரில் ஓட்டியிருந்தால் பிடித்திருப்பார். அறுபத்து மூன்றில் ஓட்டினேன். ரயில் போய்விட்டது.

உட்காருங்கள். உங்கள் ரயிலும் அவருடைய அடுத்த ரயில் மாதிரி மத்தியானம்தானே? நிறைய நேரம் இருக்கிறது.

அவர் பெயர் அமலன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். பேங்க்கில் வேலை. இரண்டாம் சனிக்கிழமை வந்தால் திண்டுக்கல்லுக்கு அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். நல்ல பிள்ளை. இன்று காலை வரைக்கும் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் விஷயம் அமலன் இல்லை. விஷயம் என் காரின் இடதுபக்க முன்சீட்டு. அது என் மனைவி சாந்தாமணியின் சீட்டு. பதினொரு வருஷம் அவள் உட்கார்ந்தது. முதுகுக்கு ஒரு சின்னத் தலையணைகூட வைத்திருக்கிறாள். நாலு மாதமாக அந்தத் தலையணை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. அவளை மறுபடி அங்கே உட்காரவைக்க வேண்டும். நாலு மாதமாக எனக்கு வேறு வேலை கிடையாது. அதற்காகத்தான் இவ்வளவும்.

நான் நல்லசிவம். முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத் தராசு, எடைக்கல், துணிக்கடை மீட்டர் கோல் எல்லாம் அளவில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்தொரு வருஷம். ஓய்வு பெற்ற மாதமே இந்தச் சின்னக் காரை வாங்கினேன். வண்டியோடு ஒரு புத்தகம் தருவார்கள் இல்லையா? அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படித்துவிட்டு ஒரு மாதம் பரிசோதனை செய்தேன். முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது என்று ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிப் பார்த்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவைத்தேன். நாற்பத்தைந்துதான் உத்தமம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நாற்பத்தைந்து. நாற்பத்து நான்கு இல்லை, நாற்பத்தாறும் இல்லை. லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ.

சாந்தாமணியின் அக்கா மேட்டுப்பட்டியில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போவோம். போகிற வழியில் ஒரு வெல்லக்கடை வரும். அதைத் தாண்டும்போது அந்தக் கதையைச் சொல்வேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கடைக்காரர் நேர்மையானவர் என்று பேரெடுத்தவர். ஒருநாள் சோதனைக்குப் போனேன். இரண்டு கிலோ கல் சரி. அரைக் கிலோ சரி. ஐந்து கிலோ சரி. ஒரு கிலோ கல் மட்டும் பன்னிரண்டு கிராம் குறைவு! மனிதர் நடுங்கிவிட்டார். “சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க” என்றார். பண்ணவில்லைதான். கல்லைக் கையில் எடுத்து அவருக்கு விளக்கினேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கிலோதான் வாங்குகிறார்கள். ஒன்பது வருஷமாக அந்த ஒரே கல்லை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து, அது மட்டும் தேய்ந்துபோயிற்று. எந்தச் சாமானும் அதிகம் புழங்குகிற இடத்தில்தான் முதலில் தேயும். இதை நான் இந்த ஜில்லா முழுக்க எத்தனை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருப்பேன்! ஒருவர்கூடத் தாமாகக் கண்டுபிடித்ததில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் மனிதனுக்குத் தெரிவதில்லை.

சரி. வண்டிக்கு வருவோம்.

தை மாதத்தில் அது ஆரம்பித்தது. வண்டி பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். மேடில்லை, பள்ளமில்லை, கால் அசையவில்லை. திடீரென்று வெட்டி வெட்டி இழுக்கும். மெக்கானிக்குகள் ஜெர்க் என்பார்கள். பலர் இதைக் குலுக்கல் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக்கூடாது. குலுக்கல் ரோட்டிலிருந்து வருவது. அதிர்வு இன்ஜினிலிருந்து வருவது. ஜெர்க் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வருவது. சாந்தாமணிக்கு இந்த வித்தியாசம் எல்லாம் பிடிபடவில்லை. “யாரோ பின்னாடி நின்னு முந்தானையைப் புடிச்சு இழுத்து இழுத்து உடற மாதிரி இருக்குதுங்க” என்றாள்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்த மைல்கல், எத்தனை ஜெர்க். சராசரி கிலோமீட்டருக்கு ஆறு. மூன்றாவது வாரம் சாந்தாமணி சொன்னாள், “ஏனுங்க, அன்னைக்கு ஆம்புலன்சு பின்னாடி வந்துச்சுன்னு வேகமா ஓட்டுனீங்களே, அப்ப இழுக்கலீங்களே.” நான் அதையும் நோட்டில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், ‘தொழில்நுட்பம் சாராத கருத்துகள்’ என்ற தலைப்பின் கீழே. அந்தத் தலைப்பில் அவள் பேரில் மட்டும் பதினேழு பதிவுகள் இருக்கின்றன.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அக்கா பேத்திக்குப் பிறந்தநாள். சாந்தாமணி மடியில் தூக்குவாளி. தூக்குவாளியில் பால்பாயசம். வெல்லக்கடை வந்தது. நான் கதையின் முக்கியமான இடத்தில் இருந்தேன், அந்த ஒரு கிலோ கல்லைக் கையில் எடுக்கிற இடம். வண்டி நாலு முறை வெட்டி இழுத்தது. மூடி தெறித்து, பாயசம் முழுக்கப் புடவையில். முந்திரிப்பருப்பெல்லாம் மடியில். நான் பதற்றப்படவில்லை. கடைக்காரரிடம் நான் சொன்ன வாக்கியத்தை முடித்துவிட்டு, பிறகு துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“போதும், நிறுத்துங்க” என்றாள். எதை நிறுத்தச் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இறங்கினாள். பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அவள் பஸ்ஸில், நான் காரில். இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குப் போகிறோம். ஊரில் சிரிக்கிறார்கள். “என்னங்க முத்திரை சார், அம்மா பஸ்சுல, தலகாணி கார்லயா?” என்று பால்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

ஜெர்க்கைச் சரிபண்ணினால் வந்துவிடுவாள். இதில் என்ன சிக்கல் இருக்கிறது?

முதலில் எங்கள் ஊர் மெக்கானிக் குப்பண்ணனிடம் போனேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். எடுத்து ஓட்டிப் பார்த்தார், எழுபதில். “வெண்ணெய் மாதிரி போகுதுங்க” என்றார். நான் வாங்கி ஓட்டினேன். கிலோமீட்டருக்கு ஆறு. திரும்பப் போனேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். எழுபதில் ஓட்டினார். வெண்ணெய். நான் ஓட்டினேன். ஆறு. மூன்றாவது முறை போனபோது குப்பண்ணன் கடைக்குள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லியனுப்பினார். குரல் அவருடையதுதான்.

பிறகு கம்பெனி சர்வீஸுக்கு விட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் என் நோட்டை நாற்பது பக்கமும் புரட்டிப் பார்த்தார். “சார், நீங்க எங்க வேலை பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார். இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். காற்றுப் போகிற பாதையைச் சுத்தம் பண்ணினார்கள். டெஸ்ட் டிரைவ் போனார்கள், எண்பதில். குறை ஒன்றும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐயா, இந்த நாட்டில் எந்த மெக்கானிக்கும் நாற்பத்தைந்தில் ஓட்டுவதில்லை. அது அவர்கள் உடம்பிலேயே இல்லை.

கடைசியில் போன செவ்வாய்க்கிழமை ஷபியுல்லா என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால் சின்ன ஷெட். சாந்தாமணியும் வந்திருந்தாள். என்னோடு இல்லை, பஸ்ஸில். பக்கத்துக் கடையில் கிரைண்டருக்கு பெல்ட் வாங்க வந்தவள், ஷெட் வாசலில் என் வண்டியைப் பார்த்துவிட்டு நின்றாள். நான் நோட்டை நீட்டினேன். ஷபியுல்லா வாங்கவில்லை.

“நோட்டு இருக்கட்டும் சார். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றான். மற்ற எல்லாரும் என்னிடமிருந்து சாவியைத்தான் கேட்டார்கள். இவன் ஒருவன்தான் என்னை ஓட்டச் சொன்னான். கையில் ஒரு ஸ்கேனர், அதிலிருந்து வயர் வண்டிக்குள் போகிறது. பைபாஸில் ஏறினோம். நாற்பத்தைந்தில் பிடித்தேன். வெட்டி இழுத்தது.

“ஐம்பதுக்குப் போங்க சார்.”

“எதுக்கு?”

“சும்மா போங்க சார்.”

போனேன். இழுக்கவில்லை.

“நாப்பதுக்கு வாங்க.” இழுக்கவில்லை. “மறுபடி நாப்பத்தஞ்சு.” இழுத்தது. ஷபியுல்லா ஸ்கேனரைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். “சார், எத்தனை வருஷமா இந்த நாப்பத்தஞ்சு?”

“பதினொன்று” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்?

ஷெட்டுக்கு வந்ததும் இன்ஜினிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமானைக் கழற்றினான். த்ராட்டில் சென்சார் என்று பெயர். நாம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று அதுதான் இன்ஜினுக்குச் சொல்லும். கத்தியால் நெம்பித் திறந்து காட்டினான். உள்ளே அரைவட்டமாக ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் ஊர்ந்து போக ஒரு சின்ன முள். பட்டை முழுக்கப் புத்தம் புதிதாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசி உரசி வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

“முள்ளு இந்த இடத்துக்கு வந்தா இன்ஜினுக்குச் சேதி போகல சார். போகுது, அறுந்துடுது, போகுது, அறுந்துடுது. அதான் ஜெர்க். மத்த இடமெல்லாம் நீங்க மிதிச்சதே இல்லை. பதினோரு வருஷம் ஒரே இடத்துல கால வச்சா அது என்ன சார் பண்ணும், பாவம்?”

வாசலில் நின்ற சாந்தாமணி சிரித்தாள். ஷபியுல்லாவும் சிரித்தான். “எங்க வீட்டுக்காரர்கிட்ட அதைச் சொல்லாதீங்க, கம்பெனிக்கு லெட்டர் எழுதுவாரு” என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். மூன்று பக்கம். மணிக்கு நாற்பத்தைந்தைத் தாங்காத பொருளை எப்படி விற்பனைக்கு விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

புது சென்சார் போட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு ஜெர்க் இல்லை. நோட்டில் வரிசையாகச் சைபர். புதன்கிழமை சொன்னேன். “இனி நீ கார்ல வரலாம்.”

“பார்க்கலாம்” என்றாள்.

இன்று காலை எட்டு ஐம்பதுக்குப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பிவிட்டாள். எட்டு ஐம்பத்தைந்துக்கு பஸ்.

“ஜெர்க் இல்லையே சாந்தாமணி!”

“தெரியுங்க. சந்தோசம்.”

“அப்புறம் எதுக்கு பஸ்?”

“பஸ்சுல பேசிட்டுப் போவமுங்க” என்றாள்.

பேசுவதற்கா? காரில் பேசவில்லையா? பதினொரு வருஷம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன், ஐயா.

அமலன் அப்போது பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினார். அவரும் பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார் என்று நினைக்கிறேன். “தம்பி, கார் இருக்குது, வாங்க” என்றேன். “பரவாயில்ல சார், நான் சாந்தாமணி அம்மாகூட பஸ்ஸிலேயே…” என்று இழுத்தார். கூச்ச சுபாவம். பெட்டியை நானே வாங்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டேன். தலையணையை நகர்த்தாமல் உட்காரச் சொன்னேன். சரியாக ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஸ்டேஷனுக்குப் பதினான்கு கிலோமீட்டர். நாற்பத்தைந்தில் பதினெட்டு நிமிடம் நாற்பது விநாடி. ரயிலுக்கு முன்னால் இருபத்தொரு நிமிடம் மிச்சம் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆகவே ஆரம்பத்தில் நான் சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த அந்த பஸ்ஸை நாங்கள் ஒருமுறை தாண்டினோம். ஆறாவது கிலோமீட்டரில் அது எங்களைத் தாண்டியது. அப்போது ஜன்னலோரத்தில் சாந்தாமணியைப் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்து, தலையை ஆட்டி ஆட்டி, யாரோ மாதிரி நடித்துக் காட்டி. முன்சீட்டுப் பெண்கள் மூன்று பேர் திரும்பி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு கூடைக்காரி நின்றபடி சிரிக்கிறாள். கண்டக்டர் சீட்டுக் கிழிக்காமல் நின்று கேட்கிறார். நாற்பத்தொரு வருஷம் நான் அவளோடு குடும்பம் நடத்துகிறேன். அவள் கையை விரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். வேறு எண்ணமே இல்லை. கால் தானாக அழுந்தியது. ஐம்பது. ஐம்பத்தைந்து. பஸ் ஊருக்குள் போகாமல் வெளிச்சாலையில் திரும்பியது, நானும் திரும்பினேன். அறுபது. அறுபத்து மூன்று. வண்டி ஒரு துளி இழுக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கவாட்டிலேயே வந்தேன், கண்ணாடியை இறக்கிக்கூடப் பார்த்தேன். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“சார், ஸ்டேஷன் ரோடு” என்றார் அமலன்.

கொஞ்ச நேரம் கழித்து, “சார், ஸ்டேஷன் ரோடு போயிடுச்சு” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு இடத்தில் மாதாவைக் கூப்பிட்டார்.

மேட்டுப்பட்டியில் பஸ் நின்றது. பின்னாலேயே நானும் நின்றேன். மணி ஒன்பது இருபத்தேழு. சாந்தாமணி இறங்கினாள். முதலில் இடதுபக்க ஜன்னலில் குனிந்து பார்த்தாள்.

“ஏந் தம்பி, நீங்க ரயிலுக்குப் போகலீங்களா?”

அமலன் என்னைப் பார்த்தார். சாந்தாமணியும் என்னைப் பார்த்தாள்.

“எத்தனைல வந்தீங்க?”

“அறுபத்து மூணு.”

“எதுக்குங்க?”

“நீ என்னமோ சொல்லிட்டு வந்தியே, அது என்னன்னு கேட்கலாம்னு…” என்றேன்.

அக்கா வீடு எதிரே தெரிகிறது, அக்கா வாசலில் நின்று கை ஆட்டுகிறார். சாந்தாமணி அவருக்கு ‘வருகிறேன்’ என்று சைகை காட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து, அமலனுடைய பெட்டியை நகர்த்தி உட்கார்ந்தாள். “உடுங்க வண்டிய. இன்னும் பதிமூணு நிமிசம் இருக்குது. அதே அறுபத்து மூணுல போங்க, தம்பிய ஏத்தி உட்டுரலாம்” என்றாள்.

உட்கார்ந்துவிட்டாள்! பின்சீட்டுதான். இருந்தாலும் என் காரில். நாலு மாதத்துக்குப் பிறகு.

வண்டியைத் திருப்பினேன். அறுபது பிடித்தேன். அவள் முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, அமலனிடம் சொல்ல ஆரம்பித்தாள். என்ன கதை என்கிறீர்கள்? வெல்லக்கடைக் கதை! என் கதையைத்தான் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“கடைக்காரரு கல்லு தேஞ்சுபோய் நூறு கிராமக் காணோம் தம்பி. இவரு கல்லக் கையில வச்சுக்கிட்டு விளக்கம் சொல்றாரு. சொல்றாரு, சொல்றாரு, ரெண்டு மணி நேரம். ஈயெல்லாம் வெல்லத்த உட்டுட்டு இவர் மேல வந்து உக்காந்துருச்சு. கடைசில அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டு, ‘சார், அந்த நூறு கிராம நான் வெல்லமாவே குடுத்தர்றேன், பேச்ச நிறுத்திக்கிறீங்களா’ன்னாராம்!”

அமலன் சிரித்தார். ரயில் போய்விடுமோ என்று முகம் வெளுத்துப் போயிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சிரிப்பேனா என்று பார்த்தாள் என்று அமலன் ஸ்டேஷனில் இறங்கும்போது சொன்னார், அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எனக்கும் கதை பிடித்துத்தான் இருந்தது. நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் பாருங்கள், தப்பு தப்புதானே? நூறு கிராம் குறைந்தால் அது தேய்மானமே இல்லை, மோசடி. வழக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், அவர் பேர் என்ன ஆவது? அதனால் சொன்னேன். “பன்னிரண்டு கிராம், சாந்தாமணி. நூறு இல்லை. அப்புறம், வெல்லமாகத் தருவதாக அவர் சொல்லவே இல்லை. நடந்தது என்னவென்றால், தம்பி, அந்த ஒரு கிலோ கல்லை நான் கையில் எடுத்து…” என்று ஆரம்பித்தேன்.

கதையில் கவனம் போனதும் கால் தன்னால் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பத்தைந்தில் நின்றது. துளி ஜெர்க் இல்லை.

“நிறுத்துங்க” என்றாள் சாந்தாமணி.

ஓரமாக நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் மேட்டுப்பட்டி பஸ் வந்துகொண்டிருந்தது. இறங்கி, ரோட்டைத் தாண்டி, கை காட்டினாள். பஸ் நின்றது. ஏறினாள். ஜன்னலோரத்தில் யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.